மேகத்தின் பெயரும் காற்றின் தூதும்

இயற்கையை அறிவால் அளப்பவனுக்கு அதன் அழகு புலப்படாது என்றும், உள்ளத்தால் உணர்பவனுக்கு அளவுகோல் வேண்டுவதில்லை என்றும் ஒரு கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஒருவன் மலரை முகர்வான். மற்றவன் அதன் இதழ்களைப் பிய்த்து எண்ணுவான். முன்னவன் கவிஞன், பின்னவன் விஞ்ஞானி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கின்றோம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் ஐரோப்பாவில் கவிதை, ஓவியம், இசை ஆகிய மூன்று கலைகளையும் ஒருங்கே ஆட்கொண்ட இயக்கம் ஒன்று உண்டு. மேலை நாட்டார் அதனை ரொமாண்டிக் இயக்கம் என்பர். நம் திறனாய்வாளர் புனைவியல் என்பர். மேலே கூறிய கருத்து இந்த இயக்கத்தின் மீதுதான் மிகுதியாக ஏற்றிச் சொல்லப்படுகின்றது. புனைவியலார் உணர்ச்சி வெள்ளத்தில் மிதந்தவர்கள், மலையையும் மேகத்தையும் கண்டு காரணமின்றிக் கண்ணீர் வடித்தவர்கள் என்பது பலரும் சொல்லும் குற்றச்சாட்டு.

வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கின்றது. அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். ஆனால் காரணமின்றி அன்று. அவர்கள் உணர்ச்சிவயப்பட்டார்கள், ஆனால் அதற்கு முன் ஊன்றிப் பார்த்தார்கள். வாயால் சொல்ல முடியாத ஒரு துயரமோ ஏக்கமோ அவர்களுள் ஒவ்வொருவருக்கும் இருந்தது. அதனைச் சொல்வதற்குரிய மொழியாக அவர்கள் இயற்கையைக் கற்றார்கள். ஒரு மொழியைக் கற்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ அவ்வளவு பொறுமையோடு கற்றார்கள். இதனை நிறுவுவதற்கு மேகத்தையும் காற்றையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மேகத்திற்குப் பெயரிட்டவர்

1802ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லண்டன் மாநகரில் அறிவியல் ஆர்வலர் சிலர் கூடிய சிறு சங்கம் ஒன்றில் முப்பது வயது இளைஞர் ஒருவர் கட்டுரை படித்தார். லூக் ஹோவார்ட் என்பது அவர் பெயர். மருந்துச் சரக்குகள் தயாரிப்பது அவருடைய தொழில். வானத்தைப் பார்ப்பது அவருடைய விருப்பம். நிலையற்றவை, உருவம் மாறுபவை, எவராலும் வகைப்படுத்த முடியாதவை என்று அதுவரை எண்ணப்பட்ட மேகங்களுக்கு அவர் அன்று பெயரிட்டார். மயிர்ச்சுருள் போல் உயரத்தில் படர்வது சிர்ரஸ். குவியல் குவியலாய் எழுவது குமுலஸ். படலமாய்ப் பரவிக் கிடப்பது ஸ்ட்ராட்டஸ். மழை பொழிவது நிம்பஸ். இவை லத்தீன் சொற்கள். உலக வானிலை நிறுவனம் வெளியிடும் மேகப் பட்டியலில் இன்றளவும் இப்பெயர்களே அடித்தளமாக இருக்கின்றன.

இந்தச் செய்தி ஜெர்மனியில் வைமார் நகரத்தில் வாழ்ந்த மகாகவி கதேயை 1815ஆம் ஆண்டில் எட்டியது. கவிஞர் வருந்தினாரா? தம்முடைய மேகங்களை ஒரு மருந்து வணிகர் பறித்துக்கொண்டார் என்று சினந்தாரா? இல்லை, அவர் பேருவகை கொண்டார். பிடிக்குள் அகப்படாததை முதன்முதலாகப் பிடித்து நிறுத்தியவர் என்று ஹோவார்டைப் பாராட்டிக் கவிதை எழுதினார். ஒவ்வொரு மேக வகைக்கும் ஒரு பகுதி அதில் உண்டு. 1821ஆம் ஆண்டில் அதற்கு அவர் சேர்த்த தொடக்கத்தில், நினைத்த உருவம் எடுக்கும் காமரூபனைப் பற்றிப் பேசுகின்றார். காளிதாசனின் மேகதூதத்தை ஹொரேஸ் ஹேமன் வில்சன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கல்கத்தாவில் 1813இல் வெளியிட்டிருந்தார். அதனைக் கதே படித்திருந்தார். லண்டன் வணிகரின் வகைப்பாடும் இந்தியக் கவிஞனின் தூது மேகமும் ஒரே கவிதையில் கைகோத்து நின்றமை எண்ணி மகிழத்தக்கது.

ஹோவார்டின் வாழ்க்கை வரலாற்றை அறிய விரும்பிக் கதே லண்டனுக்கு ஆள் வழியாக வேண்டுகோள் அனுப்பினார். ஐரோப்பாவின் தலைசிறந்த கவிஞர் தம்மைப் பற்றிக் கேட்கின்றார் என்பதை அந்த எளிய மனிதரால் நம்ப முடியவில்லை. யாரோ கேலி செய்வதாகவே முதலில் எண்ணினார். உண்மை என்று தெரிந்தபின் 1822இல் தம் வரலாற்றை எழுதி அனுப்பினார்.

மறுத்த ஓவியர்

ஆனால் எல்லாரும் கதேயைப் போல் மகிழவில்லை. டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் என்னும் ஓவியர் ஜெர்மானியப் புனைவியல் ஓவியத்தின் முதல்வர். ஹோவார்டின் முறைப்படி மேகங்களை வகை வகையாக வரைந்து தர வேண்டும் என்று கதே 1816ஆம் ஆண்டில் அவரைக் கேட்டுக்கொண்டார். பிரீட்ரிக் மறுத்துவிட்டார். கட்டற்று உலவும் மேகங்களை வரிசையில் நிறுத்தி அடைப்பது இயற்கை ஓவியத்தின் அடிப்படையையே குலைத்துவிடும் என்பது அவருடைய கருத்து.

இந்த மறுப்பை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பிரீட்ரிக் பால்டிக் கடற்கரையில் கிரைப்ஸ்வால்ட் என்னும் ஊரில் 1774இல் பிறந்தவர். ஏழு வயது நிறையுமுன் தாயை இழந்தார். பதின்மூன்றாம் வயதில் தம் உடன்பிறந்தான் நீரில் மூழ்கி இறந்ததைக் கண்டார். நீரும் பனியும் மூடுபனியும் அவருக்கு வெறும் காட்சிகள் அல்ல. அவற்றுள் மரணமும் மறுமையும் பற்றிய வினாக்கள் இருந்தன.

1810ஆம் ஆண்டில் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட அவருடைய ‘கடலோரத்துத் துறவி’ என்னும் ஓவியத்தைப் பாருங்கள். கீழே வெளிறிய மணல்; அதன் மேல் கருத்த கடல் ஒரு குறுகிய பட்டையாக; எஞ்சிய பெரும்பரப்பு முழுவதும் வானம். மணல்மேட்டில் சிறு புள்ளி போல் ஒரே ஒரு மனிதன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கின்றான். அவன் முகம் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே அவன் காண்பதையே நாமும் காண வேண்டியவர்களாகின்றோம். முதலில் கடலில் கப்பல்கள் வரையத் திட்டமிட்டுப் பின்னர் அவர் அவற்றை நீக்கிவிட்டார் என்பதை இக்கால ஆய்வுக் கருவிகள் புலப்படுத்தியுள்ளன. கப்பல் இருந்தால் கண்ணுக்கு ஒரு துணை இருக்கும். அந்தத் துணையையும் எடுத்துவிட்டு, எல்லையற்ற வெளியின் முன் மனிதனைத் தனியே நிறுத்தினார். பிரஷ்யாவின் மன்னர் இவ்வோவியத்தை விலைகொடுத்து வாங்கினார்.

பிரீட்ரிக் இயற்கையைக் கூர்ந்து நோக்காதவர் அல்லர். கருவாலி மரத்தின் கிளைகளையும் பாறையின் வெடிப்புகளையும் வெளியே சென்று நேரில் கண்டு நுணுக்கமாக வரைந்து சேர்த்துவைத்தவர். அவர் அஞ்சியது நோக்குதலை அன்று. பெயரைச் சொன்னவுடன் பொருளைப் பார்ப்பதை நிறுத்திவிடும் மனிதனின் சோம்பலையே அவர் அஞ்சினார் என்று கொள்வது பொருந்தும். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் பெயர் தெரிந்த பின்னும் பார்ப்பதை நிறுத்தாத ஓவியர் ஒருவர் அதே காலத்தில் இங்கிலாந்தில் இருந்தார்.

ஓவியத்தின் பின்புறம்

ஜான் கான்ஸ்டபிள் சபோக் மாவட்டத்தில் 1776இல் பிறந்தவர். ஆலை உடைமையாளரின் மகன். இளமையில் தந்தையின் காற்றாலையில் வேலை பார்த்தவர். காற்றாலைக்காரன் வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்குக்காக அன்று. காற்று எந்தப் பக்கம் திரும்பும், எப்போது வலுக்கும் என்பது அவனுக்குப் பிழைப்பு. தவறினால் ஆலை சேதமாகும். இந்தப் பயிற்சியோடுதான் அவர் தூரிகையை எடுத்தார்.

1821, 1822 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று ஏறத்தாழ நூறு வான ஓவியங்களை எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டினார். பலவற்றில் மரமோ வீடோ மனிதரோ இல்லை. மேகம் மட்டுமே இருக்கின்றது. மேகம் காத்திருக்காது, ஆகவே விரைந்து தீட்ட வேண்டும். தீட்டி முடித்தபின் தாளைத் திருப்பிப் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை, பின்னர் மழை பெய்ததா என்னும் விவரம் ஆகியவற்றை எழுதிவைத்தார். ஹோவார்டின் மேக வகைகளை விளக்கும் தாமஸ் பார்ஸ்டரின் நூல் அவரிடம் இருந்தது. அதன் ஓரங்களில் தம் கருத்துகளைக் குறித்திருந்தார்.

முன்புறம் உணர்ச்சி, பின்புறம் கணக்கு! இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைக் கொல்லவில்லை. அதே 1821ஆம் ஆண்டில் தம் நண்பர் பாதிரியார் ஜான் பிஷருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கைக் காட்சி ஓவியத்தில் உணர்ச்சி உறையும் முதன்மையான உறுப்பு வானமே என்று கான்ஸ்டபிள் தெளிவுபடுத்தினார்.

அவர் ஹாம்ப்ஸ்டெட்டுக்கு வந்த காரணத்தை அறிந்தால் இச்சொல்லின் பொருள் இன்னும் ஆழமாகப் புரியும். அவருடைய மனைவி மரியாவுக்கு உடல்நலம் குன்றியிருந்தது. லண்டனின் புகையிலிருந்து விலகித் தூய காற்றுப் பெறும்பொருட்டு 1819 முதல் குடும்பத்தை அந்த மேட்டுக்கு அழைத்து வந்தார். ஆகவே அங்கே வீசிய காற்று ஓவியனின் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. மனைவியின் மூச்சுக்கும் உரியது. தெளிந்த வானம் ஒரு நம்பிக்கை. கருத்த வானம் ஒரு கவலை. ஏழு குழந்தைகளை விட்டுவிட்டு 1828 நவம்பரில் அவ்வம்மையார் காசநோயால் காலமானார். மறு ஆண்டில் கான்ஸ்டபிள் காட்சிக்கு வைத்த ‘ஹாட்லி கோட்டை’ என்னும் ஓவியத்தில் இடிந்த கோபுரங்களும், கலைந்து ஓடும் மேகங்களும், ஒளி குன்றிய கடலும் இருக்கின்றன. மனைவியை இழந்தவன் ஒருவன் அதில் தீட்டப்படவில்லை. தீட்டப்படாமலே நமக்குத் தெரிகின்றான்.

கேளாத செவி கேட்ட புல்புல்

ஓவியத்திற்குக் கண் எப்படியோ அப்படியே இசைக்குச் செவி. அச்செவி பழுதான ஒருவர் இயற்கையைப் பாடிய வரலாறு இவ்வியக்கத்தின் உருக்கமான அத்தியாயமாகும்.

1802ஆம் ஆண்டு அக்டோபரில், வியன்னாவை அடுத்த ஹைலிகன்ஸ்டாட் என்னும் சிற்றூரில் தங்கியிருந்த இசைமேதை பீத்தோவன் தம் தம்பியருக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். அதனை அவர் அனுப்பவே இல்லை. 1827இல் அவர் மறைந்தபின் அவருடைய தாள்களுக்கிடையே அது கிடைத்தது. தம் பக்கத்தில் நின்றவர் தொலைவிலிருந்து வந்த புல்லாங்குழலைக் கேட்டார். தமக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டிடையன் பாடுவதை அவர் கேட்டார். அதுவும் தமக்குக் கேட்கவில்லை. இத்தகைய நிகழ்ச்சிகள் தம்மை உயிரை மாய்த்துக்கொள்ளும் விளிம்புக்கே கொண்டுசென்றன என்றும், கலை ஒன்றே தம்மைத் தடுத்து நிறுத்தியது என்றும் அதில் எழுதியிருந்தார். அப்போது அவருக்கு வயது 31.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1808 டிசம்பர் 22ஆம் நாள், வியன்னா நகர அரங்கொன்றில் அவருடைய ஆறாவது சிம்பொனி முதன்முறையாக இசைக்கப்பட்டது. குளிர் மிகுந்த இரவு. நிகழ்ச்சி ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீண்டது. புகழ்பெற்ற ஐந்தாவது சிம்பொனியும் அன்றுதான் அரங்கேறியது. ஆறாவதற்கு ‘நாட்டுப்புறச் சிம்பொனி’ என்று பெயர். அதன் இரண்டாம் பகுதி ஓடைக்கரைக் காட்சி. அப்பகுதி முடியும் தறுவாயில் மூன்று பறவைகள் கூவுகின்றன. காடைக்கு ஓபோ, குயிலுக்குக் கிளாரினெட், பாரசீகக் கவிஞர்கள் புல்புல் என்று கொண்டாடும் நைட்டிங்கேலுக்குப் புல்லாங்குழல். எந்தப் புல்லாங்குழல் கேட்காமற் போயிற்று என்று மனம் உடைந்தாரோ, அதே புல்லாங்குழலைப் பறவையின் வாயில் வைத்து உலகுக்குத் திருப்பித் தந்தார். ஆட்டிடையனையும் அவர் மறக்கவில்லை. புயல் ஓய்ந்தபின் வரும் இறுதிப் பகுதி இடையனின் பாடலாக, இறைவனுக்குரிய நன்றியுணர்வோடு ஒலிக்கின்றது.

இவ்விசையைப் பற்றி அவரே நிகழ்ச்சிக் குறிப்பில் தந்த எச்சரிக்கை சிந்தித்தற்குரியது. இது இயற்கையை ஓவியமாகத் தீட்டுவதைக் காட்டிலும் உணர்ச்சியை வெளிப்படுத்துவதே ஆகும் என்பது அதன் கருத்து. ஆனால் உணர்ச்சி என்று சொல்லி அவர் கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை. இடியை ஒலிக்கும் பெருமுரசுகளை ஐந்து பகுதிகளில் புயற் பகுதி ஒன்றில் மட்டுமே ஒலிக்கவிட்டார். மற்ற நான்கிலும் அவை வாய் திறப்பதில்லை. அந்த அடக்கத்தினால்தான் இடி இடியாகக் கேட்கின்றது.

தங்கையின் நாட்குறிப்பு

இனிக் கவிதைக்கு வருவோம். ஆங்கிலப் புனைவியலின் தலைவர்களுள் ஒருவரான வில்லியம் வேர்ட்ஸ்வொர்த், உணர்ச்சி பொங்கும் அந்தக் கணத்திலேயே கவிதை பிறந்துவிடுவதில்லை என்றும், அமைதியில் அவ்வுணர்ச்சியை மீண்டும் நினைவுகூரும்போதே அது உருவாகின்றது என்றும் 1800ஆம் ஆண்டு எழுதிய முன்னுரையில் விளக்கினார்.

நினைவுகூர்வதற்கு நினைவு வேண்டுமல்லவா? அந்த நினைவைக் காத்தவர் அவருடைய தங்கை டோரதி. 1802 ஏப்ரல் 15ஆம் நாள், காற்று வேகமாக வீசிய ஒரு பகலில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அண்ணனும் தங்கையும் மஞ்சள் நிற டாபடில் மலர்க் கூட்டத்தைக் கண்டனர். டோரதி அதனைத் தம் நாட்குறிப்பில் நுணுக்கமாக எழுதிவைத்தார். மலர்கள் பாசி படர்ந்த கற்களின் மேல் தலை சாய்த்திருந்ததைக்கூட அவர் விடவில்லை. ஏறத்தாழ ஈராண்டுகள் கழித்து அண்ணன் அக்காட்சியைப் புகழ்பெற்ற கவிதையாக்கினார். 1807இல் அது அச்சேறியது. கவிதையில் கவிஞர் தன்னந்தனியே உலவுகின்றார். தங்கை அங்கே இல்லை. அதன் மிகச் சிறந்த இரண்டு அடிகள் தம் மனைவி மேரி தந்தவை என்று வேர்ட்ஸ்வொர்த் பின்னர் ஒப்புக்கொண்டார். ஒரு தனிமைக் கவிதையின் பின்னே இரண்டு பெண்கள் நின்றனர்!

பெண்ணின் கண் பார்த்ததும் பெண்ணின் நெஞ்சு உணர்ந்ததும் ஆணின் பெயரால் உலகுக்கு வந்த இன்னொரு நிகழ்ச்சி உண்டு. அது நம்மை ஷீராஸ் நகரத்திற்கும் அழைத்துச் செல்கின்றது.

கீழைக் காற்று

14ஆம் நூற்றாண்டில் ஷீராஸில் வாழ்ந்த ஷம்சுத்தீன் முஹம்மது, குர்ஆனை மனனம் செய்தவராதலால் ஹாபிஸ் என்னும் பெயரால் விளங்குகின்றார். அவருடைய கஸல்களில் ‘ஸபா’ என்னும் இளங்காற்று அடிக்கடி வருகின்றது. பிரிந்திருக்கும் அன்பர்களுக்கிடையே மணத்தையும் செய்தியையும் சுமந்து செல்லும் தூது அது.

ஹாபிஸின் திவானை ஆஸ்திரிய அறிஞர் ஹாமர் முழுமையாக ஜெர்மானிய மொழியில் பெயர்த்து 1812-13ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். 1814ஆம் ஆண்டுக் கோடையில் அந்நூல் கதேயின் கைக்கு வந்தது. அவருக்கு வயது 64. அவ்வாண்டு ஜனவரியில்தான் நெப்போலியனைத் துரத்தி வந்த ருஷ்யப் படையின் பஷ்கிர் முஸ்லிம் வீரர்கள் வைமார் நகரின் புராட்டஸ்டண்டுப் பள்ளி மண்டபம் ஒன்றில் தொழுகை நடத்தினர். இத்தகைய காட்சியைச் சில ஆண்டுகளுக்கு முன் எவர் நினைத்திருக்கக்கூடும் என்று கதே நண்பருக்கு வியந்து எழுதினார். அந்த வியப்பு அடங்குமுன் ஹாபிஸ் வந்தார். நானூறு ஆண்டுகளுக்கு மேல் தமக்கு மூத்த அக்கவிஞரைத் தம் இரட்டைப் பிறவியாகவே அவர் கருதினார். போரினால் அலைக்கழிந்த ஐரோப்பாவில் இருந்தபடியே உள்ளத்தால் கிழக்கு நோக்கி ஹிஜ்ரத் புறப்பட்டார். ‘ஹிஜ்ரத்’ என்பதே அவர் இயற்றிய திவானின் முதற் கவிதைக்கு அவர் இட்ட தலைப்பாகும்.

1814, 1815 ஆண்டுகளில் பிராங்க்பர்ட் நகரில் தம் நண்பர் வில்லமர் என்னும் வங்கியாளரின் இல்லத்திற்குக் கதே சென்றார். வில்லமரின் மனைவி மரியானே கவிதையும் இசையும் அறிந்தவர். கதே ‘ஹாத்திம்’ என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டு, யூசுப்-ஜுலைகா காவியத்தின் நினைவாக மரியானேக்கு ‘ஜுலைகா’ என்று பெயர் தந்து பாடல்கள் எழுதினார். மரியானேயும் பாடல்களால் விடையளித்தார். 1815 செப்டம்பர் 23ஆம் நாள், கதேயைக் காண்பதற்காகக் கணவருடன் ஹைடல்பர்க் நகரை நோக்கி வண்டியில் சென்றபோது கீழைக் காற்றை விளித்து அவர் ஒரு பாடல் எழுதினார். வெயிலின் சூட்டைத் தணித்து, புழுதியோடு விளையாடி, காண விழைவோரிடமிருந்து செய்தி கொண்டு வரும் காற்று அது. 26ஆம் நாள் விடைபெற்றுத் திரும்பும் வழியில் மேலைக் காற்றை விளித்து மற்றொரு பாடல் எழுதினார். ஈரச் சிறகுகளோடு சென்று பிரிவைச் சொல், ஆனால் அவர் வருந்தும்படி சொல்லாதே என்று காற்றிடம் வேண்டும் பாடல் அது. ஹாபிஸின் ஸபாவை மரியானே ஹாமரின் பக்கங்களில் கண்டிருந்தார். அன்று ரைன் நாட்டுச் சாலையில் தம் முகத்தில் பட்ட காற்றில் அதனை மீண்டும் உணர்ந்தார். அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. கதே 1832இல் காலமாகும் வரை கடிதங்கள் மட்டும் தொடர்ந்தன.

1819ஆம் ஆண்டில் கதேயின் ‘மேலை-கீழைத் திவான்’ வெளிவந்தது. அதன் முகப்பில் ஜெர்மானியத் தலைப்புக்கு எதிரே, மேலைநாட்டு ஆசிரியரின் கீழைத் திவான் என்று பொருள்படும் அரபுத் தலைப்பும் அச்சிடப்பட்டிருந்தது. ஸுலைமான் நபியின் ஹுத்ஹுத் பறவையும் அதில் தூதாக வருகின்றது. மரியானேயின் இரண்டு காற்றுப் பாடல்களும் அதில் இடம்பெற்றன, சில சொற்கள் மாற்றப்பட்டு. எழுதியவர் பெயர் மட்டும் இல்லை. எல்லாம் கதேயின் பாடல்கள் என்றே உலகம் நம்பியது.

1821ஆம் ஆண்டில் வியன்னாவில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்த 24 வயது இசைஞர் பிரான்ஸ் ஷூபர்ட் இவ்விரண்டுக்கும் இசை அமைத்தார். கீழைக் காற்றுப் பாடலில் பியானோவின் ஒலி முதலில் ஒரு வீச்சாக எழுகின்றது. பின்னர் இலைகளின் சலசலப்பைப் போல் ஓயாது ஓடுகின்றது. அது காற்றா, காத்திருக்கும் பெண்ணின் பதற்றமா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இறுதியில் வேகம் தணிந்து, இதயத் துடிப்பைப் போன்ற ஒரே தாளம் திரும்பத் திரும்ப ஒலித்து அடங்குகின்றது. வெளியே வீசிய காற்று உள்ளே மூச்சாகிவிடுகின்றது. நெஞ்சின் நிலையையும் புறத்தின் நிலையையும் பிரிக்க முடியாமல் பிணைத்த புனைவியல் கலைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஷூபர்ட் 1828இல் தம் 31ஆம் வயதில் மறைந்தார். தாம் ஒரு பெண்ணின் பாடலுக்கு இசையமைத்ததை அவர் அறியவே இல்லை.

மரியானே முதுமையில் இந்த மறைபொருளை ஹெர்மன் கிரிம் என்னும் அறிஞரிடம் சொன்னார். 1860இல் அவர் காலமானார். கிரிம் 1869இல்தான் அதனை உலகுக்கு அறிவித்தார். அரை நூற்றாண்டு காலம் ஒரு பெண்ணின் குரலைக் காற்று மட்டுமே அறிந்திருந்தது!

நெக்கார் நதிக்கரையில்

மேலைக் காற்று ஒரு நாள் கிழக்குக்கும் திரும்பி வந்தது. 1907ஆம் ஆண்டில் ஜெர்மானிய மொழி பயில்வதற்காக முஹம்மது இக்பால் ஹைடல்பர்க் நகரில் தங்கினார். கதேயும் மரியானேயும் இறுதியாக விடைபெற்றுக்கொண்ட அதே நகரம். அங்கே ஓடும் நெக்கார் நதிக்கரையில் ஒரு மாலைப்பொழுதை அவர் உருதுக் கவிதையாக்கினார். நிலவும் மரங்களும் நதியும் மௌனத்தில் ஆழ்ந்திருக்க, நெஞ்சையும் அமைதி கொள்ளச் சொல்லும் சிறு கவிதை அது.

1923இல் கதேயின் திவானுக்கு விடையாக ‘பயாமே மஷ்ரிக்’ என்னும் பாரசீக நூலை இக்பால் வெளியிட்டார். கதே தம் இளமையில், 1770களின் தொடக்கத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதத் திட்டமிட்டார். நாடகம் நிறைவேறவில்லை, ஒரு பாடல் எஞ்சியது. பாறையிடையே தோன்றும் ஊற்று, சிற்றோடைகளையெல்லாம் உடன் அழைத்துக்கொண்டு, பேராறாகிப் பெருங்கடலைச் சேர்வதை அப்பாடல் சொல்லும். அந்தப் பாடலைத் தழுவி, இக்பால் தம் நூலில் ‘நீரோடை’ என்னும் பொருள்படும் தலைப்பில் கவிதை அமைத்தார். ஷீராஸிலிருந்து வைமாருக்குக் காற்றுச் சென்றது. வைமாரிலிருந்து லாகூருக்கு நதி வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

வைமார் நகரில் 2000ஆம் ஆண்டில் ஹாபிஸுக்கும் கதேக்கும் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. ஒரே கருங்கல்லிலிருந்து வெட்டப்பட்ட இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே இருக்கின்றன. மரியானேக்கு அங்கே நாற்காலி இல்லை.

அறிவும் உணர்ச்சியும்

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு விடை காண்போம். மேகத்திற்குப் பெயர் வைத்தமையால் மேகம் குன்றிவிட்டதா? கதே பாடினார், கான்ஸ்டபிள் தீட்டினார், இருவர் கையிலும் மேகம் மேலும் வளர்ந்தது. அப்படியானால் பிரீட்ரிக் சொன்னது பிழையா? அதுவும் அன்று. பெயரோடு நின்றுவிட்டால் கண் குருடாகும் என்ற அவருடைய எச்சரிக்கையும் நமக்கு வேண்டும். அறிவு வாயிற்படி, உணர்ச்சி உள்வீடு. படியிலேயே நின்றுவிடுபவனும் வீட்டைக் காண்பதில்லை. படியை மிதிக்க மாட்டேன் என்பவனும் காண்பதில்லை.

இன்னும் ஒன்று. இக்கலைஞர்கள் இயற்கையைத் தேடிச் சென்றது வாழ்க்கையை விட்டு ஓடுவதற்காக அன்று. செவி இழந்தவர், துணைவியின் மூச்சுக்காக வானத்தைப் பார்த்தவர், உடன்பிறந்தானை நீரில் பறிகொடுத்தவர், தம் பாடலில் தம் பெயரை எழுத முடியாதவர் ஆகிய இவர்கள் மனிதரிடம் சொல்ல முடியாதவற்றை மேகத்திடமும் காற்றிடமும் சொன்னார்கள். சொல்வதற்கு முன் அவற்றின் மொழியைப் பிழையறக் கற்றார்கள். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் அவர்களுடைய கலை நம்மை அசைக்கின்றது என்றால், அவர்களுடைய துயரம் உண்மையானது என்பதோடு, அவர்கள் கண்ட மேகமும் உண்மையானது என்பதே காரணம்.